புறாக்கூண்டுக்குப் போட்ட வெளிச்சம்

எங்கள் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் காலை, நான் சோற்றுக்கு உலை வைத்துக்கொண்டிருந்தபோது என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். அறிவியல் வாத்தியார் அவர். உலையை எட்டிப் பார்த்து, "இவ்ளோ தண்ணி எதுக்கு?" என்று கேட்டார். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவர் அடுப்படிக்குள் வந்து நின்றதே கிடையாது. ஏதோ தெரியாமல் வந்துவிட்டார் என்று நினைத்து நகர்ந்துகொண்டேன். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாள் குக்கர் விசிலுக்கு நேரம் பார்க்கக் கையில் கடிகாரத்தோடு வந்தார்.

பகலைக்கூடச் சமாளித்துவிடலாம். சாயங்காலம்தான் பெரும்பாடு. வேலையெல்லாம் முடித்து நான் டிவி முன்னால் உட்கார்ந்தால் அவரும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"இவ ஏன் அழுவுறா?"

"புருஷன் மேல சந்தேகம்."

"அவன்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுட்டா தீந்துதே. ஏன் கேக்க மாட்டேங்குறா?"

கேட்டுவிட்டால் நாடகம் அன்றைக்கே முடிந்துபோகும் என்பதை அறிவியல் படித்தவருக்கு எப்படிச் சொல்வது? நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பேசாமல் இருந்துவிடுவேன். எனக்குப் பொதுவாகவே பேச வராது. கூச்சம். கடையில் எடுத்துப் போட்ட துணியை வேண்டாம் என்று சொல்ல வாய் வராததால், எனக்குப் பிடிக்காத நிறத்தில் நிறைய ரவிக்கைத் துணிகள் என் பெட்டியில் இருக்கின்றன.

இப்படி இருந்த வீட்டுக்கு ஒரு டெலஸ்கோப் வந்து சேர்ந்தது. வீட்டிலேயே செய்யலாம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் புண்ணியவான் யாரென்று தெரிந்தால் கும்பிடலாம் என்று இருந்தேன். கூடத்தின் நடுவில் ஒரு டிரம்மை நிறுத்தி, அதன்மேல் வட்டக் கண்ணாடி ஒன்றை வைத்து, இன்னொரு கண்ணாடியால் மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்தேய் என்று தேய்த்தார். மாதக்கணக்கில் டிரம்மைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பிள்ளையார் கோயிலில் அத்தனை சுற்று சுற்றியிருந்தால் என்னென்னவோ கிடைத்திருக்கும் என்று தெருவில் சொன்னார்கள். எனக்கு வேண்டியது அப்போதே கிடைத்துவிட்டது. அவர் அடுப்படிக்கு வரவில்லை.

கண்ணாடிக்குப் பளபளப்புப் பூச்சுப் போட்டு வாங்கி, ஒரு குழாய்க்குள் பொருத்தி, மொட்டை மாடியில் அதற்கென்று ஓர் அறையும் கட்டினார். நாலு சுவர். மேலே தகரக் கூரை. கேட்டுக்குப் போடுகிற சக்கரங்கள் வைத்து, கூரையைத் தள்ளினால் தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரி அமைத்திருந்தார். அதற்கு 'வானோக்குக் கூடம்' என்று பெயரும் வைத்தார். எங்கள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அந்தப் பெயர் எடுபடவில்லை. எங்கள் தெரு முழுக்க அதைப் புறாக்கூண்டு என்றுதான் சொன்னது.

இருட்டத் தொடங்கியதும் அவர் மேலே போய்விடுவார். கூரை உருளும் சத்தம் தடதடவென்று கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் நான் காலை நீட்டிக்கொண்டு உட்காருவேன். எதிர்வீட்டு அம்மா வந்துவிடுவாள். அவள் வீட்டில் ரெண்டு தறி. பகலெல்லாம் இழை சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்துபோய் வருவாள். ரெண்டு பேரும் நாடகம் பார்ப்போம். அதில் அழுகிறவளை ஏன் அழுகிறாய் என்று கேட்காமல், அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிடுவோம். அவருக்கு வானம் கிடைத்தது, எனக்கு வீடு கிடைத்தது.

அந்த வருஷங்களில் கரண்டு அடிக்கடி போகும். தெருவே சபித்துக்கொண்டு விசிறியைத் தேடும்போது, எங்கள் மாடியிலிருந்து ஒரே ஒரு குரல் மட்டும், "ஆஹா!" என்று கேட்கும். தெருவிளக்கெல்லாம் அணைந்தால் நட்சத்திரம் நன்றாகத் தெரியுமாம். ஊருக்கு வந்த கஷ்டத்தில் சந்தோஷப்படுகிற ஒரே மனிதரோடு குடும்பம் நடத்துவது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

அப்படி ஒரு 'ஆஹா'வுக்குப் பின்னால், ஒரு நாள் 'ஐயோ'வும் கேட்டது. இருட்டில் டெலஸ்கோப் தாங்கியின் காலில் இடறி விழுந்து, இடது கை மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. விழும்போது குழாய்க்கு அடிபடக் கூடாது என்று அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விழுந்தாராம். அதற்கு ஒரு கீறல்கூட இல்லை என்று மாவுக்கட்டுப் போடும்போது வைத்தியரிடம் பெருமையாகச் சொன்னார்.

எங்கள் மகன் சென்னையில் வேலையில் இருக்கிறான். செய்தி கேட்டு ஞாயிற்றுக்கிழமை ஓடி வந்தான். அப்பாவின் கையைப் பார்த்தான். மாடிக்குப் போய் அறையைப் பார்த்தான். இறங்கி வந்து நின்றுகொண்டே சொன்னான்.

"நைனா, அந்த ரூமுக்கு லைட்டு போடு. போடலன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துக்கினு வந்து, கொழாயைக் கழட்டி ஏதாச்சும் ஸ்கூலுக்குக் குடுத்துடுவேன்."

"லைட்டா? வானோக்குக் கூடத்துலயா? அதுக்கு நான் சலூன் வச்சிருப்பேனே."

"சலூனே வை. சலூன்ல யாரும் கைய ஒடிச்சிக்கறதில்ல."

"டேய், வெளிச்சம் பட்டா கண்ணு போச்சு. திரும்ப இருட்டுக்குப் பழக எவ்ளோ நேரம் ஆவும்னு தெரியுமா உனக்கு?"

"எலும்பு கூட எவ்ளோ நாள் ஆவும்னு தெரியும். அடுத்த ஞாயிறு. சொல்லிட்டேன்."

அவன் சொன்னால் செய்வான். அப்பாவின் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது, சுருதிகூட மாறாமல். இவர் முகம் சுண்டிப்போனது. அன்று சாப்பிடும்போது தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் தட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். குழாய் போய்விட்டால் இவர் சாயங்காலம் எங்கே போவார்? என் பக்கத்து நாற்காலிக்கு வருவார். காலையில் உலைக்குப் பின்னால் வருவார். அவருக்காகக் கவலைப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் எனக்காகவும் கொஞ்சம் கவலைப்பட்டேன்.

மறுநாள் சாயங்காலம் காப்பி எடுத்துக்கொண்டு மாடிப்படியில் தடவித் தடவி ஏறினேன். அவர் வலது கையால் குழாயைத் திருப்பிக்கொண்டிருந்தார். இடது கை மாவுக்கட்டில். டார்ச்சை எங்கே வைத்திருந்தார் என்றால், வாயில் கவ்வியிருந்தார். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளை ரப்பர் போட்டுக் கட்டியிருந்தார். சிவப்பு எதற்கு என்று நான் கேட்டதற்கு டார்ச்சோடு ஏதோ சொன்னார். புரியவில்லை. எடுத்துவிட்டுச் சொன்னார்:

"செவப்பு மட்டும் கண்ணைக் கெடுக்காது."

அதுதான் எனக்குத் தேவைப்பட்டது. சிவப்பில் ஆகும் என்றால் சிவப்பில் போட்டுவிட வேண்டியதுதானே. சொன்னால் யோசித்து யோசித்து ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டிவிடுவார். நானே போவது என்று முடிவு செய்தேன்.

எனக்குத் தெரிந்த ஒரே விளக்குக்காரர், பெரிய காஞ்சிபுரத்தில் சீரியல் செட் கடை வைத்திருந்தவர். ஊரில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் விளக்கு அலங்காரம் அவர்தான். கடை வாசலிலேயே பல்பு கோத்த மயில் ஒன்று சாய்ந்து நிற்கும். அதைத் தாண்டிப் போய், கோயில் வரை நடந்து, சாமி கும்பிடுகிற மாதிரி நின்று, பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு திரும்பி வந்தேன். கடையில் ஆள் இருந்ததும் மனப்பாடம் மறந்துவிட்டது.

"இன்னாம்மா வேணும்?"

"செவப்பு லைட்டு. ஒரு ரூமுக்கு."

"எந்த சாமிக்குமா?"

"சாமி இல்ல. அவரு நட்சத்திரம் பாப்பாரு."

"ஜோசியரா? சொல்லக் கூடாதா? நவக்கிரகத்துக்கு ஒம்போது கலர்ல போட்டுத் தர்றேன். சனிக்கு நீலம், செவ்வாய்க்கு..."

"ஜோசியர் இல்லப்பா. வாத்தியாரு. மாடியில ரூம் கட்டி கொழாய் வச்சிப் பாக்குறாரு."

"ஓ, புறாக்கூண்டு வூடா!" என்றார். எங்கள் புகழ் பெரிய காஞ்சிபுரம் வரை வந்திருந்தது தெரியாமல் போயிற்று. "அப்ப ஒண்ணு பண்றேன். புதுசா எல்.ஈ.டி. பட்டைன்னு வந்திருக்குது. ரிப்பன் மாதிரி சுருட்டி வரும். பின்னாடி காயிதத்த உரிச்சா அப்டியே ஒட்டிக்கும். சூடு கெடையாது. நல்ல அரக்கு செவப்பு. சனிக்கெழம வர்றேன்."

வந்தார். சுருளைப் பிரித்தபோது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. அரிசி மணி அளவில் பல்புகள், சேலை ஓரத்தில் புட்டா வைத்த மாதிரி வரிசையாக. எங்கே வேண்டுமானாலும் வெட்டக் கூடாதாம். கத்தரிக்கோல் படம் போட்ட இடத்தில் மட்டும்தான் வெட்ட வேண்டுமாம்.

எங்கள் வீட்டுக்காரர் முதலில் முறைத்தார். சிவப்பு என்றதும் கொஞ்சம் இறங்கி வந்தார். மகன் வரப்போவது ஞாபகம் வந்ததும் முழுசாக இறங்கி வந்து, எப்படிப் போட வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார்.

"தரையிலருந்து ஒரு ஜாண் உயரத்துல போடணும். வெளிச்சம் கீழ பாத்து விழணும். பல்பு கண்ணுல படவே கூடாது."

சீரியல் செட்காரர் சுருளைக் கீழே வைத்துவிட்டார். "சார், இந்த ஊர்ல எத்தினி கோபுரத்துக்கு லைட்டு போட்டிருக்கேன். லைட்டு போட்டா லைட்டு தெரியக் கூடாதுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்."

"வெளிச்சம் தெரியணும்பா. வெளக்கு தெரியக் கூடாது."

"மாப்ளைய மறைச்சி வச்சிட்டுக் கல்யாணம் பண்ற மாதிரி இருக்குது சார். வாசல்ல ஒரு ஆர்ச்சு, சுத்தி ஓடுற மாதிரி ஒரு வரிசை, நடுவுல ஒரு தாமரை..."

"தாமரையும் வேணாம், ஓடவும் வேணாம். நிக்கட்டும்."

அவருக்கு மனசே இல்லை. கோபுர உச்சிக்கு ஏறுகிறவரைத் தரையில் தவழ விட்டால் எப்படி இருக்கும்! முதலில் சுவரிலேயே ஒட்டினார். எங்கள் சுவர் சுண்ணாம்பு அடித்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், பட்டை முழுவதும் சுண்ணாம்பை உரித்துக்கொண்டு கீழே சுருண்டு கிடந்தது. பிறகு ஒயர் மறைக்கிற பிளாஸ்டிக் பட்டியைச் சுவரில் ஆணி வைத்து அடித்து, அதன் அடிப்பக்கத்தில் ஒட்டினார். மூலையில் பட்டை மடங்கக் கூடாது என்று வெட்டி, ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்தார். டெலஸ்கோப் தாங்கியின் மூன்று கால்களைச் சுற்றியும் ஒவ்வொரு துண்டு. கூடவே, யாரும் கேட்காமலே, ஒரு பழைய பேட்டரியும் கொண்டுவந்து வைத்தார்.

"இது எதுக்கு?" என்று இவர் கேட்டார்.

"சாமி வெளிய வந்தப்புறம் லைட்டு அணையக் கூடாது சார். கரண்டு போனாலும் பேட்டரி நிக்கணும். எங்க தொழில்ல அதான் மொத பாடம்."

"இங்க சாமி இல்லப்பா."

"எதுக்கும் இருக்கட்டும் சார்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மிச்ச வேலைக்கு வந்தார். இவர் மாவுக்கட்டை மாற்றப் போயிருந்தார். உள்ளே வேலை முடிந்ததும் கையில் கொஞ்சம் பட்டை மீந்தது. அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒயர் கோத்து, அறையின் வெளிச்சுவரில் சுற்றிலும் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன்.

"வெளியிலயுமா?" என்று கேட்டேன்.

"அழகுக்கும்மா. காசு வேணாம், நம்ம ஆசைக்கு. எல்லாம் ஒரே ஸ்விட்ச்சுதான். உங்களுக்கு வேணாமா?"

வேண்டாம் என்ற அந்த ஒரு சொல்தான் எனக்கு வராது என்று முன்னாலேயே சொன்னேனே. சும்மா நின்றேன். பகல் வெளிச்சத்தில் எரிய விட்டுக் காட்டினார். அவ்வளவாகத் தெரியவில்லை. ரவிக்கைத் துணியோடு இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் இவர் மேலே போனார். கதவைச் சாத்திக்கொண்டு, கூரையைத் தள்ளி, ஸ்விட்சைப் போட்டார். உள்ளே தரையோரம் மட்டும் மெல்லிய சிவப்பு. தாங்கியின் கால் தெரிந்தது, அவர் கால் தெரிந்தது, வானம் கெடவில்லை. "பரவால்லையே, நல்லாத்தான் போட்டிருக்கான்" என்று உள்ளேயிருந்தே கீழே எனக்குக் குரல் கொடுத்தார். அந்த அறைக்கு வெளியே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை. எனக்கும்தான். நான் கீழே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

மகன் வர வேண்டிய நேரத்தில் கரண்டு போயிற்று. மேலே வழக்கம்போல், "ஆஹா!"

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு அம்மா வந்தாள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தாள்.

"இன்னாக்கா, பக்கத்துலயே இருக்கேன், ஒரு வார்த்தை சொல்லலியே! எந்த அம்மன்?"

"எது எந்த அம்மன்?"

"மாடியில."

வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தேன். தெரு முழுக்கக் கும்மிருட்டு. எங்கள் புறாக்கூண்டு மட்டும் சிவப்பாக ஜொலித்துக்கொண்டிருந்தது. ஜொலித்தால்கூடப் பரவாயில்லை. ஓடிக்கொண்டிருந்தது. ஒரு துண்டு அணைய அடுத்த துண்டு எரிய, வெளிச்சம் அறையை வலம் வந்துகொண்டே இருந்தது. இருட்டுக்காகக் கட்டிய அந்த ஓர் அறையைத் தவிர, ஊரில் வேறெங்கும் வெளிச்சமில்லை.

எதிர்வீட்டு அம்மாவின் செருப்பைப் பார்த்துவிட்டு அடுத்து வந்தவரும் கழற்றினார். ரெண்டு ஜோடியைப் பார்த்தால் மூன்றாவது ஆள் ஏன் என்று கேட்பாரா? தெருவே ஒவ்வொருவராக மாடிப்படியில் ஏறியது. நான் என்ன சொல்வேன்? எல்லாரும் எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஏறினார்கள். பதிலுக்குக் கும்பிட்டேன்.

அந்த நேரம் பார்த்து மகன் தெருமுனையில் திரும்பியிருக்கிறான். இருட்டில் அவன் கண்டது எங்கள் வாசலில் குவிந்த செருப்பும், சத்தமில்லாமல் உள்ளே போகிற ஆட்களும். பையன் என்ன நினைப்பான்! பையைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"மா! நைனாவுக்கு இன்னாமா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலடா. மாடியில நல்லாத்தான் இருக்காரு. லைட்டு போட்டாச்சு."

அவன் பின்னாலேயே நானும் ஏறினேன். மேலே, அறை வாசலில் கை கூப்பி நின்ற கூட்டத்துக்கு நடுவில் எங்கள் வீட்டுக்காரர் திகைத்து நின்றுகொண்டிருந்தார்.

"இன்னிக்கு என்ன விசேஷம்? எதுக்கு எல்லாரும் வந்திருக்கீங்க?"

"சாமி பாக்கத்தான் சார்."

"இங்க சாமி கெடையாது."

"லைட்டு போட்டிருக்கீங்களே சார்" என்றார் எதிர்வீட்டுக்காரர். எங்கள் ஊரில் அது சரியான கணக்குதான். விளக்கு ஓடினால் உள்ளே யாரோ எழுந்தருளியிருக்க வேண்டும்.

இவர் அப்போதுதான் வெளிச்சுவரைப் பார்த்தார். வாய் திறந்தது. அதற்குள் மகன் கண்ணில் பட்டான். வாய் மூடிக்கொண்டது. குழாய் இருக்குமா போகுமா என்று தெரியவேண்டிய நாள். கத்துவதற்கு அது நேரமில்லை. குரலை இறக்கி, பழைய வாத்தியார் குரலில், "சரி, வந்தது வந்துட்டீங்க. பாத்துட்டுப் போங்க. வளையம் போட்ட சனி கிரகத்தைக் காட்டறேன்" என்றார்.

கூட்டம் ஓர் அடி பின்னால் போயிற்று.

"ஐயோ சார்!" என்றாள் எதிர்வீட்டு அம்மா. "எங்க வூட்டுல அவருக்கு ஏழரை நடக்குது. அவன் பார்வை படக் கூடாதுன்னு வாரா வாரம் எள்ளுத் தீபம் போட்டுக்கினு இருக்கேன். நீங்க நேராக் கண்ணக் குடுத்துப் பாக்கச் சொல்றீங்களே!"

"அவன் உங்களப் பாக்க மாட்டாம்மா. நீங்கதான் அவனப் பாக்கறீங்க."

"நாம பாத்தா அவன் பாக்க மாட்டானா? அதெப்டி சார்?"

சனியைக் கைவிட்டு இவர் குழாயை நிலாவுக்குத் திருப்பினார். அதற்கு எல்லாரும் சம்மதித்தார்கள். வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து, கண்ணைக் குழாயில் வைத்து, உடனே கண்ணை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள்.

"கண்ணத் தொறந்து பாருங்க!" என்று இவர் கெஞ்சினார். "தொறந்தாத்தான் தெரியும்!"

"நல்லா தெரிஞ்சிது சார். திவ்யமா இருந்துது" என்றார்கள்.

மகன் நிலாவைப் பார்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு தரையையே பார்த்தபடி நின்றான். அத்தனை பேர் உள்ளே வந்து போனார்கள், வயசானவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்தவர்கள். தாங்கியின் காலில் ஒருவரும் இடறவில்லை. இவரோ வானத்தையும் பார்க்கவில்லை, வரிசையையும் பார்க்கவில்லை. மகனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கரைகிற நேரத்தில், தன் வேலையைத் தெருவிலிருந்து ரசித்துவிட்டு, சீரியல் செட்காரரும் மேலே வந்து சேர்ந்தார். இவர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"வெளிய யாருய்யா போடச் சொன்னது?"

"அம்மாவக் கேட்டுத்தான் சார் போட்டேன். அம்மா வேணாம்னு சொல்லலியே."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிலாவைப் பார்த்தேன். மகன்தான் முதலில் சிரித்தான். சிரித்துக்கொண்டே தீர்ப்பும் சொன்னான்.

"சரி நைனா, கொழாய் இருக்கட்டும்."

இவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. என்னுடையது அவருக்குக் கேட்டிருக்காது.

"ஆனா ஒண்ணு," என்றான். "தனியா ஏறக் கூடாது. அம்மா கூட இருக்கணும். இத்தினி நாள் இருட்டுன்னு அம்மா வராம இருந்துச்சு. இப்பதான் வெளிச்சம் இருக்குதே."

"அதானே! இனிமே உனக்கு இன்னா பயம்?" என்று இவரும் சந்தோஷமாகச் சொன்னார்.

பெரிய காஞ்சிபுரம் வரை போய்க் கூச்சத்தை விட்டுப் பேசி நான் போட்டுக்கொடுத்த வெளிச்சம், என்னை நேராக மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனது. வெளிச்சுவர்ப் பட்டையை மறுநாளே கழற்றச் சொல்லிவிட்டார்கள். என்னைக் கழற்றிவிட யாரும் இல்லை. தினம் சாயங்காலம் மேலே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். கீழே நாடகம் எனக்காக நிற்காமல் ஓடியது. அழுதுகொண்டிருந்தவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டதாக எதிர்வீட்டு அம்மா காலையில் வந்து சொன்னாள். ஏன் என்று தெரியவில்லை. எனக்கே கேள்வி கேட்கத் தோன்றியது.

சும்மா உட்காரப் பிடிக்காமல் முறத்தில் துவரம் பருப்பை எடுத்துக்கொண்டு போய், அந்தச் சிவப்பில் கல் பொறுக்கினேன். அவ்வளவு சுத்தமான பருப்பை நான் அதுவரை கண்டதில்லை. ஒரு கல்கூட இல்லை. மறுநாள் மத்தியானம் சாம்பார் சாதத்தில் அவர் பல்லில் 'கடக்' என்றது. இரண்டாவது வாயில் இன்னொன்று. வெளியே எடுத்துப் பார்த்தார். செங்கல் துணுக்கு. சிவப்பு வெளிச்சத்தில் பருப்பும் செங்கல்லும் ஒரே நிறமாகத்தான் தெரியும் என்று அவரே அறிவியல்படி எனக்கு விளக்கினார். விளக்கிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது.

அதற்கப்புறம் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் மகனுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே, யாராவது கூட இருந்தாக வேண்டும். அதற்கும் ஆள் தானாகவே கிடைத்தது. வெளிப்பட்டையைக் கழற்ற வந்த அன்று, இவர் கோபத்தில் சீரியல் செட்காரரைப் பிடித்துக் குழாய் முன்னால் நிறுத்தி, சனி கிரகத்தைக் காட்டியிருந்தார். அவர் மட்டும் கண்ணை மூடவில்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"சார், இதுக்கு லைட்டு எங்கருந்து வருது?"

"சூரியன்லருந்து. நிலாவுக்கும் அதேதான். அதச் சுத்தறது எல்லாத்துக்கும் அந்த ஒண்ணுதான்."

"அத்தினிக்கும் ஒரே பல்பா!" என்றார். மறுபடி குனிந்து கண்ணை வைத்தாராம்.

அந்த ஆசையில், நான் இறங்கியபிறகு தினமும் கடையைச் சாத்தியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். ஊருக்கெல்லாம் விளக்குப் போடுகிறவர், எங்கள் மாடியில் இருட்டில் உட்கார்ந்திருப்பார். எனக்குக் காலை நீட்டிக்கொள்ள வீடு திரும்பக் கிடைத்தது. கிடைத்ததும் ஒரு சிக்கலோடுதான். திருவிழா வந்தால் அவருக்குத் தொழில். அந்த நாட்களில் மேலே நான்தான். காஞ்சிபுரத்தில் திருவிழா இல்லாத மாதம் எது? பெரிய காஞ்சிபுரத்தில் கொடி இறங்கினால் சின்ன காஞ்சிபுரத்தில் ஏறும். இரண்டும் இல்லாவிட்டால் எங்கேயாவது ஒரு பிள்ளையாருக்குக் கும்பாபிஷேகம்.

வைகாசியில் பெருமாள் கோயில் உற்சவத்துக்கு அவர் போய்விட்டிருந்த ஒரு சாயங்காலம், ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என்னிடம் இவர், "ஒரு தடவ பாரேன்" என்றார். அத்தனை நாளில் நான் குழாயில் கண்ணை வைத்ததில்லை. அவர் கூப்பிட்டதில்லை, நான் கேட்டதில்லை. சனியின் பார்வையை நினைத்துக் கொஞ்சம் பயம்தான். எழுந்து போய்க் குனிந்தேன். கண்ணைத் திறந்தேதான் வைத்திருந்தேன்.

கறுப்புக்கு நடுவில், கடுகுக்கு வளையல் போட்ட மாதிரி ஒன்று நின்றது. லேசாக நடுங்கியது. யாரோ இப்போதுதான் செய்து அங்கே மாட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

"எப்டி இருக்குது?" என்றார். விடைத்தாள் வாங்க நிற்கிற பிள்ளையின் குரல்.

நன்றாக இருக்கிறது என்று சொன்னால் தினமும் ஏறச் சொல்வார். சீரியல் செட்காரருக்கு வேலை போய்விடும். எதிர்வீட்டு அம்மா தனியாக உட்கார்ந்து நாடகம் பார்க்க வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் யோசித்து, "சின்னதா இருக்குது" என்றேன்.

அவர் குழாய்க்கு மூடி போட்டார். இன்னொரு தடவை பார்க்கட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கூரையைத் தள்ளிச் சாத்தினார். தரையோரம் எரிந்த சிவப்பில் கால் பார்த்து வைத்து வெளியே வந்தோம். படி இறங்கும்போது, "நாளைக்கும் பெருமாள் பொறப்பாடு உண்டா?" என்று மட்டும் அவரிடம் கேட்டேன்.